சுவருக்கு அந்தப் பக்கத்துத் துவக்குகள்

லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாங்கிய வீடு, ஒன்றோடொன்று முதுகும் தோளும் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் அடிக்கடி ஆட்கள் மாறினார்கள். அவர்களில் ஒருவருடைய முகமும் எனக்கு நினைவில்லை. மற்றப் பக்கத்தில் இருந்தவரை மறக்க வழியில்லை. அச்சகமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை.

எண்பதுகளின் கடைசியில், கைக்குழந்தையோடு அங்கே குடிபோனோம். என் கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். முதல் குளிர்காலத்திலேயே வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோனது. குழந்தையைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று யாரைக் கேட்பது என்று நான் யோசித்தபோது, அவர் தன் கருவிப் பெட்டியோடு வந்தார். என் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து, கை முழுக்கக் கரியாக்கிக்கொண்டு அதைத் திருத்தினார். காசு கொடுக்கப் போனேன். தேநீர் போதும் என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தேநீருக்கு வருவது வழக்கமாயிற்று. என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்ட முதல் வெள்ளைக்காரர் அவர்தான். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குச் சொன்னதும், தலைமை ஆசிரியையிடம் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதும் அவர்தான். இதையெல்லாம் முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கசப்பு இருந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டையான ஒரு பெட்டியோடு அவர் காரிலிருந்து இறங்குவதைக் கண்டேன். புல்லாங்குழல் மாதிரி ஏதோ வாசிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, என்ன வாத்தியம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "வாருங்கள், காட்டுகிறேன்" என்று மேல்மாடிப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். சுவரோடு சேர்த்து முறுக்கிப் பூட்டிய இரும்பு அலுமாரி. திறந்தார். கைத்துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் பச்சைத் துணியில், துடைத்து வைத்த கரண்டிகள் போலக் கிடந்தன. எண்ணெய் மணம் வந்தது.

"நான் ஒரு கிளப்பில் இருக்கிறேன். ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இடம் இருக்கிறது. காகித இலக்குகளைச் சுடுவோம், அவ்வளவுதான். பொலிஸ் வந்து இந்த அலுமாரியைப் பார்த்துவிட்டுத்தான் லைசன்ஸ் தந்தார்கள். குண்டுகள் வேறு இடத்தில்" என்றார்.

நான் தலையாட்டினேன். மனம் மட்டும் அந்தச் சுவரில் நின்றது. அதற்கு மறுபக்கம் என் மகளின் கட்டில். வீட்டுக்கு வந்து, யாருடைய உதவியும் இல்லாமல் கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்தேன். கணவர் எழும்பி வந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பா இது? அந்தாள் கடதாசியைச் சுடுற மனுசன். சுவரைத் துளைச்சுக்கொண்டு இஞ்ச வந்திடுமோ?"

"உங்களுக்குத் தெரியாது. எங்கட வீட்டில துவக்கு இருந்தது. எனக்குத் தெரியும்" என்றேன்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சாதாரணத் துவக்கு. வன்னியில் வயலுக்கு வரும் பன்றிகளை வெருட்ட அப்பா லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். அண்ணனுக்கும் எனக்கும் அதைத் தொட அனுமதி இல்லை. நாட்டில் பிரச்சினை முற்றியபோது, லைசன்ஸ் துவக்குகளையெல்லாம் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கதிர் முற்றுகிற நேரம். அறுவடை முடியட்டும், கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அப்பா தள்ளிப்போட்டார். அதற்கிடையில் ஒரு மத்தியானம் இயக்கத்துப் பொடியள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"ஐயா, உங்கட துவக்கைத் தாங்கோ. பொலிசிட்டப் போறதுக்கு எங்களிட்ட இருந்தா சனத்துக்குத்தானே உதவும்."

அப்பா எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களின் தோளில் அதைவிடப் பெரிய துவக்குகள் தொங்கின. பொலிஸுக்குப் போய்ச் சொல்லவும் ஏலாது; சொன்னால் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார். சொல்லாமலே இருந்தார். கொஞ்ச நாள் போனதும் ஆமி வந்தது. மாவட்டக் கச்சேரி அலுவலகத்து லைசன்ஸ் பட்டியல் அதிகாரியின் கையில் இருந்தது. அப்பா அவரை முன் விறாந்தையில் இருத்தி, என்னிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். உண்மையைச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே அப்பாவைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். கிணற்றடியில் குளித்துவிட்டு, தோளில் துவாயோடு அண்ணன் வந்துகொண்டிருந்தான்.

"இவன்தானே குடுத்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை ஐயா, நான்தான் குடுத்தனான். என்னைக் கொண்டுபோங்கோ" என்றார் அப்பா.

அண்ணனைத்தான் கொண்டுபோனார்கள். சேட் போடக்கூட விடவில்லை. நான் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தபோது ட்ரக் ஒழுங்கையால் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தா. தேடிப் போன முதல் முகாமில் இல்லை என்றார்கள். அடுத்த முகாமில் அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள். உடம்பும் வரவில்லை. அப்பா அதற்குப் பிறகு வயலுக்குப் போகவில்லை. பன்றிகள் வந்தன, தின்றன, போயின.

இந்தக் கதையை லண்டனில் நெடுநாள் நான் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை சுவரிலிருந்த அண்ணனின் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். சொன்னேன். என் இங்கிலீஷில் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "பட்டியல்" என்றார். "அரசாங்கத்திடம் பட்டியல் இருந்திருக்கிறது."

அவர் எங்களுக்காக வருந்துகிறார் என்று நினைத்தேன். வருந்தினார்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை அவர் தனக்காகவும் எடுத்து வைத்துக்கொண்டார் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்கொட்லாந்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு நுழைந்து சின்னப் பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் கொன்றான். அவனும் லைசன்ஸ் வைத்திருந்தவன்தான். அடுத்த நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மண்டபம் வழக்கம் போலவே இரைச்சலாக இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கரண்டியால் மேசையில் தட்டினார்கள், மஞ்சள் கஸ்டர்ட்டைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்கள். என்னோடு வேலை செய்த பெண்கள் பேசாமல் பரிமாறினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளும் இதே வயது.

அந்தக் கிழமைகளில் நாடு முழுக்க இதே பேச்சு. வீட்டில் ஒருவரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பக்கம். ஒரு பைத்தியக்காரன் செய்ததற்குச் சட்டத்துக்கு அடங்கி நடக்கும் எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று மறுபக்கம். என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாய் பள்ளிக்கூட வாசலில் நின்று தடைக்காகக் கையெழுத்து வாங்கினார். நான் யோசிக்கவே இல்லை. பேனையை வாங்கிப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் முகம் அந்த வசந்தத்தில் மெலிந்து போயிற்று. அவருடைய கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அவர் முழங்காலில் நின்று அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாளி சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என் வாழ்க்கையில் ஒரு பறவையைக்கூட நான் சுட்டதில்லை" என்றார் அவர். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் அவர் என்னிடம் வந்து, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு சேர்ச் மண்டபத்தில் கூட்டம் வைக்கிறார்கள், நீங்கள் வர வேண்டும் என்று கேட்டார். "பேச வேண்டாம். வந்து இருந்தாலே போதும். எங்கள் பக்கமும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்று தெரியட்டும்."

கணவரிடம் சொன்னேன்.

"நீ அங்கால கையெழுத்தும் வைச்சனி, இஞ்சால கூட்டத்துக்கும் போறியோ?" என்றார்.

"எனக்கு வேலை எடுத்துத் தந்த மனுசன். மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? போய்ப் பேசாமல் இருந்திட்டு வாறன்."

மண்டபத்தில் கோட் போட்ட வயதான ஆண்களே கூடுதலாக இருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. எனக்கு முன் வரிசையில் ஒரு கதிரை ஒதுக்கியிருந்தார்கள். அப்போதே நான் எழும்பிப் போயிருக்க வேண்டும். நாலைந்து பேர் பேசிய பிறகு அவர் மேடைக்குப் போனார். கையில் குறிப்பெதுவும் இல்லை. நன்றாகத்தான் பேசினார், மனிதர் இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

"என் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது" என்றார். "இலங்கையிலிருந்து வந்தவர்கள். இந்தப் பெண்ணின் தந்தையிடம் லைசன்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி இருந்தது. அரசாங்கம் அதைப் பறித்தது. பிறகு, கையில் ஒன்றுமில்லாத அந்தக் குடும்பத்தைத் தேடி, பட்டியலோடு இராணுவம் வந்தது. இவருடைய சகோதரர் இன்றுவரை திரும்பவில்லை. நிராயுதபாணியான மக்களுக்கு என்ன நடக்கும் என்று கேட்கிறவர்கள் இவரைக் கேட்கட்டும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். என் அண்ணனுக்குக் கிடைத்த கைதட்டு அது ஒன்றுதான்.

எப்படி எழும்பினேன் என்று தெரியவில்லை, எழும்பி நின்றேன்.

"அது அப்படி இல்லை. துப்பாக்கியை அரசாங்கம் பறிக்கவில்லை. பொடியள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தபடியால்தான் அவர்கள் வந்தார்கள். அது இருந்தபடியால்தான் ஆமியும் வந்தது. அப்பாவிடம் துப்பாக்கியே இல்லாவிட்டால் ஒருவரும் எங்கள் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்படியென்றால் அரசாங்கத்திடம் பட்டியல் இருந்தது உண்மைதானே?" என்று கேட்டார்.

"உண்மை" என்றேன். அந்தப் பட்டியலால்தான் அண்ணன் போனான். அதை நான் எப்படி மறுப்பேன்?

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். இன்னொருவர், என்னைப் பார்க்காமல் கூட்டத் தலைவரைப் பார்த்து, "இந்த அம்மா இந்த நாட்டுக்கு விருந்தாளியாக வந்தவர். எங்கள் உரிமையைப் பற்றி எங்களுக்குச் சொல்ல இவருக்கு என்ன இருக்கிறது?" என்றார். அழைத்துவந்து முன்வரிசையில் இருத்தியவர்கள் ஒருவரும் அதற்கு வாய் திறக்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் மேடையில் நின்றபடி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஒன்றாகத்தான் திரும்பினோம். அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுப் படலையடியில் மட்டும் நின்றார்.

"என் நண்பர்கள் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டீர்கள்."

"அது என்னுடைய அண்ணன்" என்றேன்.

"நான் உங்களுக்கு ஆதரவாகத்தானே சொன்னேன்?"

அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். நான் உள்ளே போய்விட்டேன். அந்தச் சனிக்கிழமை அவர் தேநீருக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை.

கூட்டத்தில் நடந்தது எப்படியோ பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கையெழுத்து வாங்கிய அந்தத் தாய் என்னைக் கட்டிப்பிடித்தார். "எவ்வளவு துணிச்சல்! நீங்கள் எங்கள் பக்கம் பேச வேண்டும்" என்று, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். நான் போனேன். பக்கத்து வீட்டுக்காரரின் கூட்டத்துக்குப் போனவள் இந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகாமல் விட்டால் சரியில்லை என்று பட்டது. நல்ல சோபா, கண்ணாடி மேசை, பால் கூடிய கோப்பி. பத்திரிகைக்காரர் இளைஞர். முழுவதையும் சொன்னேன். பொடியள் வந்ததையும், பட்டியலையும், ஆமியையும்.

"அதாவது, துப்பாக்கிகளைத் தடை செய்ய வேண்டும் என்கிறீர்கள்" என்றார்.

"ஓம். ஆனால் தடை செய்கிற அரசாங்கம் எப்படிப்பட்ட அரசாங்கம் என்பதும் இருக்கிறதே. எங்கள் அண்ணனைக் கொண்டுபோனது அரசாங்கம்தான்."

அவர் பேனையை நிறுத்தினார். அந்தத் தாய் இடையில் புகுந்து, "அது அங்கே. இங்கே அப்படி நடக்காது" என்று மென்மையாகச் சொன்னார். பிறகு என் கையைத் தடவினார். "பாவம். உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும். எங்களுக்குத்தான் தாங்க முடியவில்லை."

அவர் அதை அன்போடுதான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. நான் கோப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவனமாக வைத்துவிட்டு எழும்பினேன். பத்திரிகையில், துப்பாக்கிகளுக்கு நடுவில் வளர்ந்த ஒரு அகதித் தாயும் தடையை ஆதரிக்கிறார் என்று ஒரு வரி வந்தது. துப்பாக்கிகளுக்கு நடுவில்! எங்கள் வீட்டில் இருந்தது ஒன்று. அதுவும் பன்றிக்கு.

அந்த வரியைப் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது நான் எதிர்ப்பட்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சட்டம் வந்தது. அதற்கடுத்த கோடையில், ஒரு காலை, அவர் தன் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காரில் வைப்பதை ஜன்னலால் பார்த்தேன். நல்ல கோட் போட்டுக் கழுத்துப் பட்டியும் கட்டியிருந்தார், செத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. பொரித்த வடையைத் தட்டில் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அரசாங்கம் எல்லாவற்றுக்கும் விலை தருகிறதாம்" என்றார். "நீங்கள் வென்றுவிட்டீர்கள்."

"நான் ஒன்றையும் வெல்லவில்லை" என்றேன்.

கதவு சாத்தப்பட்டது. வடையை நானும் மகளும் சாப்பிட்டோம். இலையுதிர் காலம் முடிவதற்குள் அவர் வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் இருந்த தன் தங்கையிடம் போனார். சாமான் வண்டி வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். சொல்லிக்கொண்டு போகவில்லை. பத்து வருடப் பழக்கம் அது.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்கு வந்தார். வன்னியை விட்டு வெளியே வரப் பொடியளிடம் ஒரு பாஸ், வவுனியாவைத் தாண்ட ஆமியிடம் ஒரு பாஸ். இரண்டு பக்கமும் கெஞ்சி எடுத்துக்கொண்டு வந்து லொட்ஜில் நின்றார். அங்கிருந்த போனுக்கு எடுத்தேன். அம்மா இறந்த பிறகு அவருடைய குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பேச்சுக்கு என்ன இருக்கிறது? குளிரைப் பற்றிச் சொன்னேன். மகளின் படிப்பையும் இருமலையும் சொன்னேன். பிறகு ஏனென்று தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார் என்று தொடங்கி, சட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"துவக்கு வைச்சிருந்த ஆக்கள் எல்லாரும் கொண்டுபோய்க் குடுத்தவையோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா. பொலிசில."

"பிந்திக் குடுத்தவையை என்ன செய்தவங்கள்?"

"எல்லாரும் தவணைக்குள்ள குடுத்திட்டினம் போல. எனக்குத் தெரியேல்லை அப்பா."

"குடுத்தவையை?"

"ஒண்டும் செய்யேல்லை. ரசீது குடுத்து, காசும் தாறம் எண்டு சொல்லி வீட்டை அனுப்பினவங்கள்."

"வீட்டை அனுப்பினவங்களோ?"

"ஓம்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கிறன் பிள்ளை" என்றார். பிறகு, "பிள்ளைக்கு இருமல் எண்டியே. கசாயம் வைச்சுக் குடுத்தனியோ?" என்று கேட்டார்.

கொடுத்தேன் என்று பொய் சொன்னேன். போன் காட் முடிந்தது. போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். இந்த நாட்டில் துவக்கை இழந்தவர்கள் கூட்டம் போட்டார்கள், வழக்குப் பேசினார்கள், தங்கள் உரிமை பறிபோனது என்று கண்ணீர் விட்டார்கள். அவர்களுடைய துயரத்தை நான் நேரில் பார்த்தேன், அதில் நடிப்பில்லை. ஆனால் அவர்களில் ஒருவருடைய வீட்டிலிருந்தும், குளித்துவிட்டு வந்த பிள்ளையை யாரும் ட்ரக்கில் ஏற்றவில்லை. எங்களுக்கு எந்த மண்டபத்தில் கூட்டம்?

கணவர் ஷிப்டுக்கு வெளிக்கிட்டு வந்து, நான் படியில் இருப்பதைப் பார்த்தார்.

"என்னவாம் மாமா?"

"கசாயம் குடுக்கட்டாம்" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி இறங்கி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அப்பாவுக்கு ஒரு கண்ணில்தான் ஒப்பரேஷன் சரிவந்தது. பாஸ் முடிவதற்குள் வன்னிக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை.